அமுச்சியின் அரிசிம்பருப்பும் பிலாத்துவின் பெயரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீடு வந்து சேர்ந்ததும் அக்கா மகள் சமையலறை வாசப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டாள்.

"மாமா, விசுவாசப் பிரமாணத்துல கடவுள் வர்றாரு, இயேசு வர்றாரு, மரியாள் வர்றாங்க. நடுவால பொந்தியு பிலாத்துன்னு ஒரு கவர்மெண்ட் ஆபீசர் எதுக்குங்க வர்றாரு?"

நாற்பது வருடமாக வாரம் தவறாமல் அந்தப் பெயரைச் சொல்லி வருகிறேன். அதில் நின்று யோசித்ததில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருந்தது. கல்லூரியில் கூடப் படிக்கும் பெண் ஒருத்தி, "உங்க பைபிள்ல இருக்கறது வரலாறா, நம்பிக்கையா?" என்று கேட்டிருக்கிறாள். இவளுக்குப் பதில் வரவில்லை. அது இரண்டு நாளாக மனசைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் அரிசிம்பருப்பு. பூண்டை அவள் கையில் கொடுத்து உரிக்கச் சொல்லிவிட்டு, பதிலை அடுப்பிலிருந்தே தொடங்கினேன்.

மூன்று மகள்கள், ஒரே சோறு

அமுச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, தன் சமையலை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவருக்கு மூன்று மகள்கள். பெரியம்மா பொள்ளாச்சியில், என் அம்மா கோவையில், சித்தி கோபிப் பக்கம். மூவருமே "இதுதான் எங்கம்மா செஞ்ச மாதிரி" என்று சொல்லித்தான் அரிசிம்பருப்பைப் பரிமாறுவார்கள். ஆனால் மூன்றும் ஒன்றுபோல இருக்காது. பெரியம்மா கை நிறையத் தேங்காய் போடுவார். சித்தியின் சோறு மஞ்சளில் குளித்து எழுந்ததுபோல் இருக்கும். அம்மாவுக்கு மிளகும் சீரகமும் தூக்கலாக இருக்க வேண்டும்.

அமுச்சி உண்மையில் என்ன செய்தார்? முதலில் மூவரும் ஒத்துப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கடலெண்ணெய். இதில் மூன்று வீட்டுக்கும் பேச்சே இல்லை. அடுத்து, மாறுகிற இடம் ஏன் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பெரியம்மா வாழ்க்கைப்பட்டது தென்னந்தோப்புக்கு நடுவில். சித்தி போனது மஞ்சள் விளைகிற சீமைக்கு. இருவரும் பொய் சொல்லவில்லை, போன ஊரின் வாசனை சோற்றில் ஏறியிருக்கிறது.

சுவிசேஷங்களை வரலாற்று ஆய்வாளர்கள் வாசிப்பது ஏறக்குறைய இப்படித்தான். இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 அல்லது 33. மாற்கு எழுதப்பட்டது 70ஐ ஒட்டி, மத்தேயுவும் லூக்காவும் அதற்குப் பத்திருபது வருடம் கழித்து, யோவான் அந்த நூற்றாண்டின் கடைசியில் என்பது பெரும்பான்மையோர் கணிப்பு. ஒவ்வொருவரும் தாங்கள் இருந்த சபைக்காக எழுதினார்கள், அந்தச் சபையின் வாசனை எழுத்தில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம்மவர்கள் பலர் "நாலு சுவிசேஷம், நாலு சாட்சி" என்று எண்ணிவிடுகிறார்கள். மத்தேயுவும் லூக்காவும் மாற்குவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவர்கள் என்பது வாக்கியத்துக்கு வாக்கியம் ஒத்துப் பார்த்தால் தெரிகிறது. என் அம்மாவின் நோட்டைப் பார்த்து அக்கா ஒரு நோட்டு எழுதினால் அது இரண்டாவது சாட்சி ஆகாது. தனித்தனி வழியாக வந்தவற்றைத்தான் தனித்தனியாக எண்ண வேண்டும். ஏடு பார்த்த உ.வே. சாமிநாதையருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஒரே மூல ஏட்டிலிருந்து பத்துப் பிரதி வந்திருந்தாலும் பாடம் தீர்மானிக்கும்போது அது ஒரே குரல்தான்.

அடிப்பிடித்த நாள்

இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பெரியம்மாவைப் பெண் பார்க்க வந்த அன்று அமுச்சியின் அரிசிம்பருப்பு அடிப்பிடித்துவிட்டது. வந்தவர்களுக்குக் கருகல் வாசத்தோடுதான் சோறு போட்டார்கள். மூன்று மகள்களும் இதைச் சொல்வார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. தன் அம்மாவின் கைப்பக்குவத்தை ஊரெல்லாம் பெருமை பேசுகிற மகள், அம்மா சோற்றைக் கருக்கினாள் என்று எதற்குக் கட்டிவிட வேண்டும்? நடந்திருந்தால் தவிர அப்படி ஒரு கதை வராது.

சிலுவை அப்படிப்பட்ட செய்தி. ரோமர்கள் அதை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்தார்கள். யூதர்கள் எதிர்பார்த்த மேசியா வெல்ல வேண்டியவர், ஆடையில்லாமல் மரத்தில் தொங்கவேண்டியவர் இல்லை. புதிதாக ஒரு மதத்தை ஜோடிக்க உட்கார்ந்தவன் இந்தக் கதையைத் தேர்ந்திருக்கமாட்டான். தலைமைச் சீடர் பேதுரு பயந்துபோய் மூன்று முறை மறுதலித்ததும், இயேசுவே யோவான் ஸ்நானகனிடம் போய் ஞானஸ்நானம் பெற்றதும் இதே வகை. சபைக்குச் சங்கடம் தருகிற செய்தி என்பதாலேயே அதற்கு எடை கூடுகிறது.

கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள் என்பதையும் இதில் சேர்ப்பார்கள். அன்றைய யூத சமூகத்தில் பெண் சொல்லும் சாட்சிக்கு மதிப்புக் குறைவு, கட்டுக்கதையாக இருந்தால் ஆண்களை அனுப்பியிருப்பார்கள் என்பது வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் சுவிசேஷங்களுக்கும் முன்பே கடிதம் எழுதிய பவுல் தரும் சாட்சிகளின் வரிசையில் பெண்கள் பெயர் இல்லை, காலியான கல்லறையைப் பற்றியும் பேச்சு இல்லை. அதனால் இந்த இடத்தில் ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். நம் பிரசங்கங்களில் இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எதிர் வீட்டுக்காரர் சொன்னது

மகள்கள் அம்மாவைப் பற்றிச் சொல்வது இருக்கட்டும், அமுச்சியோடு வரப்புத் தகராறில் பேச்சு வார்த்தை இல்லாத எதிர் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? "அந்தம்மா தாளிச்சா தெரு பூராவும் பூண்டு வாசம்" என்று அவர் சலித்துக்கொண்டாலும் அது சாட்சிதான். ஒருவகையில் கூடுதல் மதிப்புள்ள சாட்சி.

ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டால் ஆகாது. கி.பி. 116ஐ ஒட்டி எழுதிய அன்னல்ஸ் என்ற நூலில், ரோம் நகரத் தீ விபத்துக்கு நீரோ இவர்கள்மேல் பழிபோட்டதைச் சொல்லும்போது, கிறிஸ்தவர் என்ற பெயருக்குக் காரணமானவர் பேரரசர் திபேரியு காலத்தில் பொந்தியு பிலாத்துவால் கொல்லப்பட்டார் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போகிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் 93ஐ ஒட்டி எழுதிய நூலில் இரண்டு இடத்தில் இயேசு வருகிறார். ஓரிடத்தில், கி.பி. 62இல் கொல்லப்பட்ட யாக்கோபு இயேசுவின் சகோதரர் என்ற குறிப்பு. அதைப் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். இன்னோரிடத்தில் இயேசுவைப் பற்றிய ஒரு பத்தி. அதில் யூதரான யோசேபஸ் சொல்லியிருக்கவே முடியாத வரிகள் இருக்கின்றன, பிற்காலக் கிறிஸ்தவப் பிரதியாளரின் கை பட்டிருக்கிறது. அம்மாவின் நோட்டில் நீல மையில் எழுதிய பக்கத்தின் ஓரத்தில் யாரோ சிவப்பு மையில் "கொஞ்சம் கரம் மசாலா" என்று சேர்த்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி. சிவப்பு மையை நீக்கிவிட்டு மிச்சத்தைப் படிக்கலாம் என்பதே பலரின் முடிவு. சிவப்பு மையையும் சேர்த்துச் சாட்சியாகக் காட்டுவது நேர்மை இல்லை.

பெயர் வெட்டிய குண்டா

நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டுவோம். அமுச்சியின் பித்தளைக் குண்டாவில் அவர் பெயரும் வருடமும் புள்ளிப் புள்ளியாக இன்னும் இருக்கின்றன. அமுச்சி என்று ஒருவர் இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் அந்தக் குண்டாவை எடுத்துவந்து வைத்தால் போதும்.

பிலாத்துவுக்கு அப்படி ஒரு கல் 1961இல் கிடைத்தது. இஸ்ரேலின் கடலோரச் செசரியாவில் ரோமர் காலத்து அரங்கம் ஒன்றைத் தோண்டியபோது, படிக்கட்டில் மறுபடி பயன்படுத்தியிருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில் லத்தீன் எழுத்து. பாதி சிதைந்திருந்தாலும் பிலாத்து என்ற பெயரும், யூதேயாவின் ஆளுநர் என்ற பதவியும், திபேரியு பெயரால் அமைந்த ஒரு கட்டடத்தின் பெயரும் படிக்க முடிகிறது. 1968இல் எருசலேம் அருகே இன்னொன்று: யெகோகனான் என்ற மனிதனின் எலும்புப் பெட்டி. குதிகால் எலும்பில் இரும்பு ஆணி வளைந்து மாட்டியபடியே இருந்தது. சிலுவையில் அறைந்தவர்களைக் கழுகுக்கும் நாய்க்கும் போட்டுவிடுவார்கள், அடக்கம் செய்யமாட்டார்கள் என்று வாதிட்டவர்களுக்கு, குறைந்தது ஒருவனாவது குடும்பத்தாரால் முறையாக அடக்கம் செய்யப்பட்டான் என்று அந்த ஆணி காட்டியது.

இந்தக் கதையில் வருகிற திபேரியு பேரரசரின் முகத்தைப் பார்க்க நாம் செசரியாவுக்குப் போக வேண்டியதில்லை. நொய்யல் கரையில், கோவைக்கு ஒட்டினாற்போல் இருக்கிற வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஐநூறுக்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாக எடுக்கப்பட்டன. பிறகும் அங்கே கிடைத்தன. பொள்ளாச்சிப் பக்கம், தாராபுரம் பக்கம் என்று கொங்கு மண்ணில் பல இடத்திலும் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை அகஸ்டஸும் திபேரியுவும் வெளியிட்டவை. ஒரு திபேரியு காசு நாலு கிராம்கூட இருக்காது, நம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் வாகை சூடிய தலை, சுற்றிலும் எழுத்து: தெய்வமான அகஸ்டஸின் மகன் திபேரியு. மறுபக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண் உருவம். சீசருக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு வாங்கிப் பார்த்த காசு இந்த வகைதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அக்கா மகள் உரித்துக்கொண்டிருந்த பூண்டை அப்படியே வைத்துவிட்டாள். "நம்மூர் வெள்ளலூருங்களா?" என்றாள். நம்மூர் வெள்ளலூர்தான். மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகம், அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய், பேரூர், வெள்ளலூர், நொய்யல் கரையோடு கொடுமணல், கரூர். மிளகுக்கும் படியூர் பச்சைக்கல்லுக்கும் வந்த காசு இது.

"அப்ப இயேசுவோட சீடர் தோமா இந்த வழியாத்தான் வந்தாருங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது உண்மை, ஆனால் எல்லா அரிசியும் ஒரே உலையில் ஒரே நேரம் வெந்திருந்தால்தான். பானையில் இருக்கும் சோற்றை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்து அடுப்பில் இருக்கும் குழம்பு வெந்துவிட்டது என்று சொல்லக்கூடாது. காசு சொல்வது, வழி இருந்தது, ஆள் நடமாட்டம் இருந்தது என்று. அந்த வழியில் தோமா நடந்தாரா என்பதற்குத் தனிச் சாட்சி வேண்டும்.

தோமாவைப் பற்றிய பழைய நூல், சிரியாக் மொழி வழங்கிய எதெஸ்ஸா பக்கம் மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த தோமாவின் நடபடிகள். கொண்டபோரஸ் என்ற இந்திய அரசனுக்கு அவர் அரண்மனை கட்டப் போனதாக அதில் கதை. அப்படி ஓர் அரசன் இருந்தானா என்று வெகுகாலம் சந்தேகப்பட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கில் அவன் காசுகள் கிடைத்தன, தக்த்-இ-பாகிக் கல்வெட்டிலும் அவன் பெயர் வந்தது. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி, தோமா வாழ்ந்திருக்கக்கூடிய அதே காலம். குண்டாவில் பெயர் சரியாக இருக்கிறது. ஆனால் அவன் ஆண்டது காந்தாரம், நம் கொங்கு இல்லை. தோமா 52இல் முசிறியில் இறங்கி 72இல் மயிலாப்பூரில் உயிர்விட்டார் என்பது கேரளத்து நசுராணிக் கிறிஸ்தவர்களும் நாமும் வாய்வழியாகக் காத்துவந்த மரபு. கல்லிலும் செம்பிலும் தென்னிந்தியக் கிறிஸ்தவர்கள் நமக்கு உறுதியாகக் கிடைப்பது பல நூற்றாண்டு கழித்துத்தான். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கி.பி. 849. நான் அந்த மரபை மதிக்கிறேன், மயிலாப்பூர் போனால் முழங்காலிட்டு வருகிறேன். அதைப் பிலாத்துக் கல்லுக்குச் சமமான சான்று என்று சொல்லமாட்டேன்.

கொடுமணலும் இப்படித்தான். சேரர்களைப் பாடும் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பெயர் வருகிறது. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது மணி செய்த பட்டறையும் இரும்பு உருக்கிய உலையும் பெயர் கீறிய பானை ஓடுகளும் வந்தன. புலவர் கற்பனையாக ஓர் ஊரைச் சொல்லவில்லை என்று நிச்சயமாயிற்று. அதனால் சேரனைப் பற்றிப் புலவர் பாடிய புகழ் ஒவ்வொன்றும் நடந்தது என்று ஆகிவிடுமா?

மூணுக்கு ஒண்ணு

இனி மையத்துக்கு வருவோம். பிலாத்துவும் சிலுவையும் சரி, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தது?

எங்கள் வீட்டில் எந்த நோட்டுக்கும் முந்தியது ஒன்று உண்டு. "மூணு அரிசிக்கு ஒரு பருப்பு, பருப்பு முந்தினா களி, அரிசி முந்தினா பொரி." மூன்று மகள்களும் இதைச் சொல் மாறாமல் சொல்வார்கள். அமுச்சி வாயிலிருந்து வந்த வாய்ப்பாடு. நோட்டு எப்போது எழுதப்பட்டாலும் வாய்ப்பாட்டின் வயது நோட்டின் வயது இல்லை.

பவுல் கொரிந்து சபைக்கு முதல் கடிதம் எழுதியது ஏறக்குறைய கி.பி. 54. அதன் 15ஆம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதைத்தான் ஒப்படைத்ததாகச் சொல்லி ஒரு வாய்ப்பாட்டை எடுத்துவைக்கிறார்: இயேசு இறந்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், கேபா என்ற பேதுருவுக்கும் பன்னிருவருக்கும் தரிசனமானார். அதன்பின் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், யாக்கோபு, கடைசியாகத் தானும். கலாத்தியர் கடிதத்தில் அவரே சொல்கிறார், மனம் திரும்பி மூன்று வருடத்தில் எருசலேம் போய்க் கேபாவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும் யாக்கோபைப் பார்த்ததாகவும். ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் லூடமன் உயிர்த்தெழுதலை ஏற்காதவர். அவரே இந்த வாய்ப்பாட்டின் கூறுகள் சிலுவைக்குப் பின் இரண்டு மூன்று வருடத்துக்குள் உருவானவை என்று கணிக்கிறார்.

இது சின்ன விஷயம் இல்லை. "காலப்போக்கில் தலைமுறை தலைமுறையாக ஊதிப் பெருத்த கதை" என்று சொல்லிக் கடந்துபோக இது இடம் கொடுக்காது. முதல் சில வருடத்திலேயே, பெயர் சொல்லக்கூடிய மனிதர்கள், அவரைக் கண்டோம் என்று சொன்னார்கள். இயேசுவின் ஊழியத்தில் சேராதிருந்த சகோதரர் யாக்கோபும், சபையைத் துன்புறுத்திய பவுலும் அதில் அடக்கம். இதுவரை வரலாறு நம்மைக் கூட்டிவருகிறது.

இதற்குமேல்? ஒரே கூடையில் இருக்கும் சாமான்தான், இரண்டு பேர் இரண்டு திசையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். லூடமன் அந்தத் தரிசனங்களைத் துக்கத்திலும் குற்ற உணர்விலும் மனம் கண்ட காட்சிகள் என்றார். பின்காஸ் லாபிடே வைதிக யூதர். அவர் எல்லாச் சான்றையும் எடைபோட்டு, இயேசு உயிர்த்தெழுந்தது நடந்த நிகழ்ச்சிதான் என்று 1970களில் புத்தகமே எழுதினார். எழுதிவிட்டுக் கடைசிவரை யூதராகவே இருந்தார், இயேசுவை யூதர்களின் மேசியா என்று ஏற்கவில்லை. ஆக, உயிர்த்தெழுதலை ஒப்புக்கொண்டாலும் கிறிஸ்தவ நம்பிக்கை தானாக வந்துவிடுவதில்லை. அவர் நம் பாவங்களுக்காக மரித்தார் என்ற வரியில் "மரித்தார்" என்பதற்குச் சான்று கேட்கலாம், "நம் பாவங்களுக்காக" என்பதற்கு எந்த மண்ணைத் தோண்டுவது?

டேவிட் ஹியூம் 1748இல் எழுப்பிய தடையையும் அவளுக்குச் சொன்னேன். அடுப்பே பற்றவைக்காமல் சோறு வெந்தது என்று ஒருவர் வந்து சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், யாராவது தெரியாமல் பற்றவைத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைப்போம். வரலாற்று ஆய்வு இந்த நினைப்பில்தான் இயங்குகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் "நெருப்பில்லாமல் என்றைக்கும் எதுவும் வேகாது" என்பது அந்த ஆய்வு கண்டுபிடித்த முடிவு கிடையாது. ஆய்வுக்கு உட்காரும்போதே கையோடு கொண்டுவந்தது. கடவுள் இருக்கிறார் என்று நான் கொண்டுவருவதைப் போலத்தான்.

"நீங்க நம்பறீங்களா மாமா?"

"நம்பறேன் கண்ணு. சாட்சி சொன்னவங்களப் பாத்து, பாதி தூரம் நடந்து வந்து நம்பறேன். மிச்சப் பாதிக்கு எங்கிட்ட கல்லும் இல்ல, காசும் இல்ல. எங்கம்மா சாகறப்ப பக்கத்துல இருந்தேன், அன்னிக்கி என்னைத் தாங்கினது எதுவோ அது இருக்குது. அதை உன் சிநேகிதிக்குச் சாட்சின்னு குடுக்க முடியாது. ஆனா பிலாத்துப் பேரு எதுக்கு வருதுன்னு சொல்லலாம். இது ஏதோ ஒரு காலத்துல, எங்கியோ நடந்த கதையில்ல, இந்த ஆபீசர் இருந்தப்ப நடந்ததுன்னு நம்ம முன்னோர் தேதி போட்டு வெச்சிருக்காங்க. தேதி போட்டா யாரு வேணாலும் சரிபாக்கலாம். சரிபாக்கட்டும்னுதான் போட்டிருக்காங்க."

குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அடுப்பை அணைத்தேன். ஆவி அடங்கும்வரை காத்திருந்த நேரத்தில் அவள் உள்ளே போய் ஒரு புது நோட்டு எடுத்துவந்தாள். பெரியம்மாவுக்கும் சித்திக்கும் போன் போட்டுக் கேட்டாள். மூன்று வீட்டுக்கும் பொதுவானதைப் பேனாவில் எழுதினாள். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கடலெண்ணெய். ஓரமாக, பெண் பார்க்க வந்த அன்று அடிப்பிடித்தது என்றும்.

பிறகு தலை நிமிர்ந்து கேட்டாள்: "தேங்காய எப்படிங்க எழுதறது?"

"பென்சில்ல எழுது கண்ணு."